கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தவன்

ஓரின்பசார் தன் தங்கை புருஷனைக் கொன்றது பட்டப்பகலில். அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையின் முற்றத்தில், பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொன்றான். லாரிச் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றும் நீளமான ஸ்பானரால் மூன்று அடி. முதல் அடியிலேயே செம்பெக் விழுந்துவிட்டான். மற்ற இரண்டும் விழுந்து கிடந்தவன் மண்டையில் இறங்கியவை. அந்த இரண்டுக்காகத்தான் ஒன்பது வருடம் என்று நீதிபதி விளக்கமாகச் சொன்னாராம்.

விசாரணையில் இவன் வாயிலிருந்து வந்தது ஒரே வரி. "குடிச்சிருந்தோம், வாய்த்தகராறு." அரசு கொடுத்த வக்கீல் வயதானவர். தங்கையைச் சாட்சியாகக் கூப்பிட்டால் தண்டனை பாதியாகும் என்று கெஞ்சியிருக்கிறார். "அவ பேரைச் சபையில எடுத்தீங்கன்னா அடுத்த அடி உங்களுக்குத்தான்" என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். தங்கை குல்யாஷ் அப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். குழல் வைத்து சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்த ஐந்து மாதக் குழந்தையும் போயிருந்தது. படியில் தவறி விழுந்ததாக அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் மானம் என்பது பெண்கள் எந்தப் படியில் விழுந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் இந்தக் கதைக்குள் வருவது சிறையில். என் பெயர் சைத்கலி. பக்கத்துப் பண்ணையின் ஏழு குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய் இறைச்சிக்கு விற்றதற்காக உள்ளே போனவன். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, குதிரைக்காரன்தான். புல்வெளிக்கு நடுவே இருந்த அந்த முகாமில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்பு உண்டு. இரண்டு வரிசையாகக் காவலர்கள் தடியோடு நிற்பார்கள், நடுவே ஓட வேண்டும். நானும் ஓரின்பசாரும் ஒரே நாளில் ஓடினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவன் நடந்தே போனான். கடைசியில் அவனைத் தூக்கிப்போக நான்கு பேர் வேண்டியிருந்தது.

"ஏன்யா ஓடல? கால்ல என்ன, லாடம் அடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எத்தனை அடின்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நடுவுல விட்டுப்போச்சு" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

வெல்டிங் தெரிந்தவன் என்பதால் நூலகத்துக்கு அலமாரி செய்யச் சொன்னார்கள். உடைந்த கட்டில் சட்டங்களை வெட்டிச் செய்தான். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் காசநோயில் செத்ததும் அந்த வேலையையும் இவனுக்கே கொடுத்தார்கள். அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் வேலை எனக்கு. அப்படித்தான் எங்கள் சிநேகம்.

நான்காவது வருடம் மார்ச் மாதத்தில் ஒரு லாரி வந்தது. நகரத்தில் ஏதோ ஒரு சட்டக் கல்லூரி இழுத்து மூடப்பட்டு, அதன் புத்தகங்களைத் தானமாக அனுப்பியிருந்தார்கள். பெட்டி பெட்டியாக, எழுநூறு எண்ணூறு இருக்கும். கைதிகளின் படிப்பைக் கவனிக்கும் அதிகாரி ரவ்ஸா மராத்தொவ்னா கோட்டுக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பனியில் நின்றார்.

"நாப்பது புத்தகம், ஒரே ஒரு அலமாரி. அதுக்கு மேல ஒரு காகிதம்கூட உள்ள போகக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. மிச்சம் லாரியிலயே திரும்பிப் போய்க் கூழாகும். ஒரு மணி நேரம் இருக்கு, ஓரின்பசார், பொறுக்கிக்கோ."

நாற்பது என்கிற கணக்கு முந்தின நாளே முகாமுக்குள் கசிந்து, அதைப் பற்றி இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. கைதிகளுக்குள் ஒரு தலைவன் இருப்பான். காவலர்களைவிட அவன் சொல்தான் அங்கே சட்டம். எங்கள் தலைவன் கென்ஷே. ஒரு கால் விந்தி நடப்பான், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "நாப்பதும் தண்டனைச் சட்டமா இருக்கணும், உரையோட. மேல்முறையீடு எப்படி எழுதுறதுன்னு இருக்கிற புத்தகமா இருக்கணும். பசங்க வெளிய போகணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். நியாயமான பேச்சுதான். எனக்கும் ஒரு மேல்முறையீடு எழுத வேண்டியிருந்தது.

ஓரின்பசார் முதல் அரை மணி நேரத்தில் அப்படிப்பட்ட இருபத்தாறை எடுத்து அடுக்கிவிட்டான். பிறகு வேறு பெட்டிகளைத் திறந்தான். அவை பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காக எழுதியவை. சட்டம் என்றால் என்ன, அது எங்கிருந்து அதிகாரம் பெறுகிறது, கெட்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமா, தண்டனை எதற்கு. பனி விழுந்து பக்கங்கள் நனைந்தன. இவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் பொருளடக்கத்தைப் படித்தான். ஒன்றை வைத்தான், ஒன்றைத் தூக்கி லாரிக்குள் எறிந்தான்.

"யோவ், கென்ஷே தோலை உரிச்சிடுவான்" என்றேன்.

"இருபத்தாறு போதும். ஒரே சட்டத்துக்கு நாலு உரை. நாலும் ஒண்ணையேதான் சொல்லுது."

"இதெல்லாம் எதைச் சொல்லுது?"

"தெரியல. அதான் எடுக்கிறேன்."

முப்பத்தொன்பது ஆயிற்று. இரண்டு புத்தகங்கள் அவன் கையில் மிச்சம். ஒன்று பச்சை அட்டை, மற்றது கறுப்பு. இரண்டும் செங்கல் கனம். ரவ்ஸா மராத்தொவ்னா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டான்.

பச்சையில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்தான். அடித்தவனுக்குத் திருப்பி வலி கொடுப்பதால் அடிபட்டவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, முதலில் அடிபட்டவரிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் நீதி என்கிற மாதிரி இருந்தது. "நல்லாத்தான் இருக்கு, அதை எடு" என்றேன், எனக்குக் கால் விறைத்துக்கொண்டிருந்தது. பிறகு கறுப்பைத் திறந்தான். குற்றம் செய்தவனும் மனிதன். அவன் செய்தது என்ன, ஏன் செய்தான் என்று முழுவதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்லி அதற்காகத் தண்டிப்பது அவனை மனிதனாக மதிப்பது. பாதியை மறைத்துவிட்டுக் கொடுக்கிற தண்டனை தண்டனையே இல்லை, அது நாயைக் கட்டிப்போடுவது.

அந்த வரியை இரண்டு தடவை படித்தான். அவன் கழுத்து சிவந்து போனதை நான் பார்த்தேன்.

"ஏதாவது ஒண்ணு!" என்று கத்தினார் ரவ்ஸா மராத்தொவ்னா.

பச்சையை லாரிக்குள் போட்டான். கறுப்பை உள்ளே கொண்டுவந்தான்.

அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் கென்ஷேயின் ஆட்கள் மூன்று பேர் நூலகத்துக்கு வந்தார்கள். ஒருவன் புத்தகங்களை எண்ணினான். "பதினாலு குப்பை" என்றான். "தத்துவத்தையா திங்கப் போறே?" ஓரின்பசாரின் வலது கையைப் பிடித்து அவனே வெல்டு வைத்த அலமாரியின் இரும்பு விளிம்பில் அழுத்தி, பதினான்கு புத்தகங்களையும் கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைத் தூக்கி விரல்கள்மேல் போட்டார்கள். இரண்டு தடவை. சுட்டுவிரலும் நடுவிரலும் ஒடிந்தன. என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதை மறைக்கப் போவதில்லை.

ஒடிந்த கையோடு அவன் மூன்று மாதம் அந்தக் கறுப்புப் புத்தகத்தைப் படித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள்கூட ஆகும். புரியாததை என்னிடம் சொல்லிப் பார்ப்பான். எனக்கும் புரியாது. சண்டை போடுவோம்.

"என்னை யாரும் தண்டிக்கல, குதிரைக்காரா. சும்மா அடைச்சு வெச்சிருக்காங்க."

"ஒன்பது வருஷம் போதாதா உனக்கு? இன்னும் வேணுமா?"

"நான் எதுக்கு அடிச்சேன்னே அந்த நீதிபதிக்குத் தெரியாது. அவர் தண்டிச்சது வேற யாரையோ. குடிச்சுட்டு சண்டை போட்ட ஒருத்தனை. நான் அன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கல."

அப்போதுதான் எனக்குத் தாடையைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் சொன்னான்.

அந்த இலையுதிர் காலத்தில் வந்த கூட்டத்தில் தொலெகென் இருந்தான். செத்துப்போன செம்பெக்கின் தம்பி. கல்யாண வீட்டில் ஒருவனைக் கத்தியால் கிழித்துவிட்டு ஐந்து வருடம் வாங்கியிருந்தான். வந்த முதல் நாளே கென்ஷேயிடம் போய் நின்றிருக்கிறான். கென்ஷே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தான்.

"ரத்தக் கணக்கை வெளிய போய்த் தீர்த்துக்கங்க. என் கொட்டடியில சண்டை கிடையாது" என்றான். பிறகு ஓரின்பசாரின் கோணல் விரல்களைப் பார்த்தான். "நூலகத்துல நடக்கிறது எனக்குத் தெரியாது. நான் படிக்கிறவன் இல்ல."

தொலெகென் மறுநாளே நூலகத்துக்கு வந்தான். இருபத்தேழு வயது, பெண்பிள்ளை மாதிரி கண் இமைகள். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான்.

"அகா, புத்தகம் குடுங்க."

அண்ணன் என்று கூப்பிடும் அந்த மரியாதை என் முதுகைச் சில்லிட வைத்தது.

ஓரின்பசார் நெடுநேரம் அலமாரி முன்னால் நின்றான். அங்கே கிழவர் காலத்துக் கதைப் புத்தகங்கள் இருந்தன, வேட்டைப் புத்தகம் இருந்தது. கறுப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தான்.

"எனக்கு ரஷ்யன் அவ்வளவா ஓடாது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

படித்துச் சொன்னான். கொலை செய்தவனுக்கு என்ன சேர வேண்டும் என்று எழுதியிருந்த அத்தியாயத்தை, எங்கள் மொழியில், நிறுத்தி நிறுத்தி. தொலெகென் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அப்போ உங்களைக் கொல்லலாம்னு போட்டிருக்கு."

"செஞ்சதுக்குச் சமமா எனக்குக் கிடைக்கணும்னு போட்டிருக்கு. அதை நீ செய்யக் கூடாதுன்னும் போட்டிருக்கு. உன்னையும் தெரியாத, என்னையும் தெரியாத ஒருத்தர் செய்யணும்."

"அந்த ஆள்தானே ஒன்பது வருஷம் குடுத்தான்? எங்கண்ணன் உசிரு ஒன்பது வருஷம்தான் பெறுமா?"

ஓரின்பசார் புத்தகத்தை மூடினான். தொலெகென் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் வந்தான், அதற்கடுத்த நாளும். நான்காம் நாள், நான் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, கட்டில் சட்டத்திலிருந்து தேய்த்துக் கூராக்கிய ஒரு தகட்டைச் சட்டைக் கைக்குள்ளிருந்து உருவினான். ஒரு சத்தமும் இல்லை. ஓரின்பசார் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான். முதல் குத்து விலாவுக்கு அடியில். இரண்டாவது, மூன்றாவது முதுகில். நான்காவதைக் கழுத்துக்குக் கொண்டுபோனபோது ஓரின்பசார் ஒடிந்து சேர்ந்த அந்தக் கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை எலும்பு வரை பிளந்தது. நான் கொதிக்கிற கெண்டியைத் தூக்கித் தொலெகெனின் தலையில் கவிழ்த்தேன். அவன் போட்ட அலறலில் கோபுரத்துக் காவலன் வானத்தைப் பார்த்துச் சுட்டான். தொலெகெனின் காதும் கன்னமும் உரிந்து வந்ததை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். இடதுபுறத்து இமைகள் அதற்குப் பிறகு முளைக்கவே இல்லை.

ஓரின்பசாருக்கு ஒரு நுரையீரல் சுருங்கிப்போயிற்று. பதினேழாம் நாள் விசாரணை அதிகாரி அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து, வழக்கமாக எழுதுவதை எழுதத் தொடங்கிவிட்டார். அலமாரி சரிந்து விழுந்ததில் காயம் என்று. எங்கள் முகாமில் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. காட்டிக்கொடுத்தவனுக்கு ஓட்டை போட்ட கரண்டி கிடைக்கும், கக்கூஸ் பக்கம் கட்டில் கிடைக்கும், அவன் தொட்டதை யாரும் தொட மாட்டார்கள்.

"எழுதாதீங்க. குத்தினது தொலெகென். கோர்ட்டுல சொல்றேன்" என்றான் இவன்.

அதிகாரி பேனாவை மூடினார். "நீ இதோட இங்க இன்னும் நாலு வருஷம் உயிரோட இருக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அன்றைக்கே செய்தி பரவிவிட்டது. ஆஸ்பத்திரி அறையைப் பெருக்க வந்தவன் துடைப்பக்கட்டையை அவன் காயத்தில் ஊன்றிக்கொண்டு நின்றான், நர்ஸ் வந்து தள்ளிவிடும் வரை. என்னையும் விடவில்லை. குளியலறையில் என் முன்பற்கள் மூன்றை எடுத்தார்கள். "உன் வாத்தியார் கிட்டச் சொல்லு" என்றார்கள்.

நான் வீங்கின வாயோடு போய் அவனைத் திட்டினேன். "நீ எடுத்த புத்தகத்துக்கு என் பல்லா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "தப்பான புத்தகத்தை எடுத்துட்டேனோன்னு நினைக்கிறேன்" என்றான். "நான் எல்லாத்தையும் சொல்லணும்னா குல்யாஷைச் சொல்லணும். அவளுக்கு என்ன வேணும்னு கறுப்புல ஒரு வரிகூட இல்ல, தேடிப் பார்த்துட்டேன். பச்சையில இருந்திருக்கும்."

அந்த மாதமே குல்யாஷ் பார்க்க வந்தாள். அங்கே நடந்ததை வெகு காலம் கழித்து அவளே எனக்குச் சொன்னாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ சரின்னா கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்றேன். வேண்டாம்னா வாயை மூடிக்கிறேன்" என்றானாம். அவள் நடுவிலிருந்த மேசையைத் தாண்டி அவன் கன்னத்தில் அறைந்தாள். காவலன் ஓடி வந்து பிடித்துக்கொண்டான்.

"இப்போ கேக்கறே! அவனை அடிக்க ஸ்பானரைத் தூக்கிட்டுப் போனியே, அப்போ கேட்டியா? நான் அவனை விட்டுட்டு ரயிலேறிப் போறதுக்குத் துணி கட்டி வெச்சிருந்தேன். நீ கொலை பண்ணினே, நான் கொலைகாரன் தங்கச்சியா, விதவையா அந்த வீட்டு வாசல்லயே நின்னேன். நாலு வருஷமா எவனும் என்கிட்ட எதையும் கேட்கல!"

காவலன் வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று கத்தினாளாம். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்!"

வழக்கு முகாமின் சினிமா கொட்டகையிலேயே நடந்தது. நீதிபதி நகரத்திலிருந்து வந்தார். சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைச் சிந்தினார். தொலெகென் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான், பாதி முகம் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. பின் வரிசைகளில் கைதிகள் நாற்பது ஐம்பது பேர். நடுவில் கென்ஷே, காலை நீட்டிக்கொண்டு.

நான் கெண்டியைப் பற்றிச் சொன்னேன். ஓரின்பசார் தகட்டைப் பற்றிச் சொன்னான். பிறகு குல்யாஷ் எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேசும்போது கீழ் உதடு பின்தங்கியே வந்தது.

அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தாள்.

"தொலெகென், உங்கண்ணன் என்னை அடுப்பு கிளர்ற இரும்பால அடிச்ச அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"முன்னறையில இருந்தே. நான் வெச்ச இறைச்சியைத் தின்னுக்கிட்டிருந்தே. நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ எழுந்து வந்தே. கதவுக்கிட்ட வந்து பார்த்தே. நான் தரையில கிடந்தேன், என் கண்ணும் உன் கண்ணும் பார்த்துச்சு. திரும்பிப் போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினே. குத்துச்சண்டை ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் அவன் வயித்துல மிதிச்சான்."

"இது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது" என்றார் நீதிபதி. எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் கையை அசைத்தார். அவள் விரல்கள் நின்றன.

"ஐயா, அவன் என்னைக் குத்தினது எதுக்குன்னு வேணாமா உங்களுக்கு?" ஓரின்பசார் எழுந்துவிட்டான்.

"உட்கார்."

"அவன் தண்டனையும் பாதிதான், ஐயா! முழுசா எழுதுங்க! நான் செஞ்சதையும் சேர்த்து எழுதுங்க!"

அவன் மேசையை நோக்கி நடந்தான். இரண்டு காவலர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒரு நுரையீரலோடு இருந்தவன் ஒருவனுடைய மூக்கைத் தலையால் முட்டி உடைத்தான். கீழே போட்டுப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். குல்யாஷ் அவர்கள் முதுகில் முஷ்டியால் குத்தினாள். அந்தக் கூச்சலுக்குள் இன்னொரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். தொலெகென் கூண்டின் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தான். நிதானமாக, ஒரே சீராக. புதுத்தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவன் எதையும் மறுக்கவில்லை.

தொலெகெனுக்கு ஏழு வருடம் கூடிற்று. ஓரின்பசாருக்கு மூக்கு உடைத்ததற்காகப் பதினைந்து நாள் இருட்டறை. தீர்ப்பில் குல்யாஷின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

கென்ஷே அன்றைக்குக் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது என் கரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். "பொம்பளை கதறும்போது டி.வி. பார்த்தவனுக்கு என் மேசையில இடமில்ல" என்றான் எங்கோ பார்த்துக்கொண்டு. "அதுக்காக உன் ஆள் காட்டிக்கொடுத்தது சரின்னு ஆகாது." சொன்னபடியே செய்தான். இரண்டு பேருக்கும் ஓட்டைக் கரண்டி. தொலெகெனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். ஓரின்பசார் மிச்சக் காலத்தைத் தனியறையில் கழித்தான். நூலகம் வேறொருவன் கைக்குப் போனது. பதினான்கு புத்தகங்களையும் கிழித்து கக்கூஸில் மாட்டினார்கள். கறுப்பு எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அதற்குள் விடுதலையாகியிருந்தேன்.

அவன் வெளியே வந்தபோது நான்தான் வாகனம் எடுத்துக்கொண்டு போனேன். குல்யாஷ் ரயில்வே நகரத்தில் ரொட்டிச்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில்தான் இருக்கிறான். சிலிண்டரைத் தூக்க மூச்சு போதாது, ஆள் வைத்து வெல்டிங் செய்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. அவன் சிகரெட் பிடித்தால் அவள் அதைப் பிடுங்கி மிதிப்பாள், அவன் மறுபடி பற்றவைப்பான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், ஒரு காலை, தொலெகென் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அன்றைக்கு டயர் கொடுக்கப் போயிருந்தேன், ஓரின்பசாரோடு உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ஓரின்பசாரின் கை மேசைமேலிருந்த கத்திக்குப் போயிற்று. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

குல்யாஷ் முற்றத்தில் பனி வாரிக்கொண்டிருந்தாள். தொலெகென் தொப்பியைக் கழற்றினான். ஏதோ சொன்னான், எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் மண்வாரியை இரண்டு கையாலும் உயர்த்தி அவன் தோளில் அடித்தாள். அவன் ஒரு முழங்காலில் விழுந்தான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவள் மறுபடி உயர்த்தினாள். அவன் காத்திருந்தான். அவள் அப்படியே நின்றாள், மூச்சு புகைபுகையாக வந்தது. பிறகு மண்வாரியை இறக்கி, அவனைச் சுற்றியிருந்த பனியை விட்டுவிட்டு, வேலி ஓரத்தில் வாரத் தொடங்கினாள்.

அவன் எழுந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் போனான். எல்லைக்கு அப்பால் எங்கோ தண்டவாளம் போடும் கூட்டத்தில் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

குல்யாஷ் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள்.

"என்ன சொன்னான்?" என்று ஓரின்பசார் கேட்டான்.

"என்ன வேணும்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"பார்த்துக்கிட்டுதானே இருந்தே" என்றாள் அவள். தேநீர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.